ஹார்ட் டிஸ்க் செத்தாலும் டேட்டா சாகக்கூடாது: வீட்டு பிசி-யில் ரெய்ட்

ஹார்ட் டிஸ்க் என்னைக்காவது ஒருநாள் போகத்தான் போகுது. எப்போங்கிறதுதான் யாருக்கும் தெரியாது. உள்ளே இருக்கிறது உங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் டேட்டாசெட்டா, அக்கா கல்யாண வீடியோவா, டவுன்லோட் பண்ணின சினிமாவா? டிஸ்க்குக்கு எல்லாம் ஒண்ணுதான். நமக்கு அப்படி இல்லையே! அதனால ஒரு டிஸ்க் போனாலும் வேலை நிக்காம ஓடற மாதிரி வீட்டு பிசி-யை எப்படி அமைக்கலாம்னு பார்ப்போம்.

ரெய்ட் எங்கிருந்து வந்தது?

நம்ம கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் டெக்ஸ்ட்புக்ல பேர் பார்த்திருப்பீங்களே, டேவிட் பேட்டர்சன்? அவரும் கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய இருவரும் 1988-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டாங்க. விலை அதிகமான ஒரே பெரிய டிஸ்க்குக்குப் பதிலா மலிவான சின்ன டிஸ்க்குகளைக் கூட்டு சேர்க்கலாம் என்பதுதான் அவங்க வாதம். ஆனா டிஸ்க் எண்ணிக்கை கூடக் கூட, ஏதாவது ஒண்ணு பழுதாகிற வாய்ப்பும் கூடும். அதைச் சமாளிக்க உபரித் தகவல் கொஞ்சம் எழுதி வைக்கணும். இதுதான் ரெய்ட்.

எந்த லெவல்?

உங்ககிட்ட 4 டிபி டிஸ்க் நாலு இருக்குன்னு வெச்சுக்கோங்க.

- ரெய்ட் 0: டேட்டாவைத் துண்டு போட்டு நாலு டிஸ்க்லயும் பரப்பும். 16 டிபி முழுசா கிடைக்கும், வேகமும் நல்லா இருக்கும். ஆனா ஒரு டிஸ்க் போனா மொத்தமும் போச்சு.
- ரெய்ட் 1: ஒரே டேட்டாவை எல்லா டிஸ்க்லயும் நகல் எடுக்கும். ரெண்டே டிஸ்க் வெச்சிருக்கிறவங்களுக்கு இதுதான் பொருத்தம்.
- ரெய்ட் 5: 12 டிபி கிடைக்கும், ஒரு டிஸ்க் போகலாம்.
- ரெய்ட் 6: 8 டிபி கிடைக்கும், எந்த ரெண்டு டிஸ்க் வேணும்னாலும் போகலாம்.
- ரெய்ட் 10: இதுலயும் 8 டிபி. ஜோடிக்கு ஒண்ணு போகலாம். ஒரே ஜோடியில ரெண்டும் போனா கதை முடிஞ்சது.

ரெய்ட் 5 எப்படித் தொலைஞ்ச டேட்டாவை மீட்குது? டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ்ல படிச்ச எக்ஸ்-ஆர்தான். முதல் டிஸ்க்ல 1011, ரெண்டாவதுல 0110. எக்ஸ்-ஆர் பண்ணினா 1101. அதை மூணாவது டிஸ்க்ல எழுதறோம், இதுதான் பாரிட்டி. இப்போ முதல் டிஸ்க் செத்துப்போச்சு. மிச்சம் இருக்கிற 0110-ஐயும் 1101-ஐயும் எக்ஸ்-ஆர் பண்ணிப் பாருங்க: 1011 திரும்ப வரும். நிஜத்துல பாரிட்டி ஒரே டிஸ்க்ல உட்காராது, எல்லா டிஸ்க்லயும் மாறி மாறி இருக்கும்.

காசு செலவழிக்கும் முன் ஒத்திகை

டிஸ்க் வாங்காமலேயே இதைப் பழகலாம். லினக்ஸ்ல ட்ரங்கேட் கமாண்டால 1 ஜிபி அளவுல மூணு வெற்று ஃபைல் உருவாக்குங்க. லோசெட்டப் மூலமா அதை லூப் டிவைஸா மாத்துங்க. கெர்னலுக்கு இப்போ அது மூணு டிஸ்க். அப்புறம் எம்டிஏடிஎம் டூல்ல கிரியேட் ஆப்ஷனைக் கொடுத்து, லெவல் 5, டிவைஸ் 3-ன்னு சொல்லுங்க. வர்ற அர்ரேயை ஈஎக்ஸ்டி4-ல ஃபார்மேட் பண்ணி மவுண்ட் செஞ்சா சுமார் 2 ஜிபி இடம் இருக்கும்.

கொஞ்சம் போட்டோ காப்பி பண்ணி, எம்டி5 செக்சம் குறிச்சு வெச்சுக்கோங்க. இப்போ ஃபெயில் ஆப்ஷனால ஒரு டிஸ்க்கை வேணும்னே கொல்லுங்க. ப்ராக் டைரக்டரியில இருக்கிற எம்டிஸ்டாட் ஃபைலைப் பார்த்தா, மூணு 'யு' இருந்த இடத்துல ஒண்ணு அண்டர்ஸ்கோரா மாறியிருக்கும். போட்டோவைத் திறங்க, திறக்கும். செக்சம் பாருங்க, அதேதான் வரும். செத்த டிஸ்க்கை ரிமூவ் பண்ணி, புது லூப் டிவைஸை ஆட் பண்ணினா ரீபில்ட் தானா ஓடும்.

நிஜ டிஸ்க்ல போடும்போது

கிரியேட் பண்ணினா டிஸ்க்ல இருக்கிற பழைய டேட்டா போயிடும். அதனால எஸ்டிஏ, எஸ்டிபி பேரை மட்டும் நம்பாம சீரியல் நம்பரைச் சரிபாருங்க. அதையே டிஸ்க் மேல லேபிளா ஒட்டிடுங்க. நாளைக்குப் பழுதான டிஸ்க்னு நினைச்சு நல்ல டிஸ்க்கைக் கழட்டிடக் கூடாது.

வாங்கும்போது சிஎம்ஆர் வகையா பாருங்க. எஸ்எம்ஆர் டிஸ்க் ரீபில்ட் நேரத்துல ரொம்ப இழுக்கும். அர்ரே விவரத்தை எம்டிஏடிஎம் கான்ஃபிக் ஃபைல்ல சேமிச்சு, இனிட்ராம்எஃப்எஸ் அப்டேட் பண்ணுங்க. இல்லைன்னா ரீபூட்டுக்கு அப்புறம் எம்டி0 என்பது எம்டி127-ஆ வந்து நிக்கலாம். எஃப்எஸ்டேப்ல யூயூஐடி போடுங்க, கூடவே நோஃபெயில் சேருங்க.

டேட்டா எழுதி, பாரிட்டி எழுதும் முன்னாடி கரண்ட் போனா ரெண்டும் பொருந்தாம போகலாம். அதனால யுபிஎஸ் வெச்சுக்கிறது நல்லது. மாசம் ஒருமுறை செக் ஓட விடுங்க.

இன்னொரு கணக்கு. 4 டிபி டிஸ்க்கை நொடிக்கு 150 எம்பி வேகத்துல ரீபில்ட் பண்ண கிட்டத்தட்ட ஏழரை மணி நேரம். பேருக்கேத்த மாதிரி அது ஏழரைதான்! மத்த டிஸ்க் எல்லாம் முழுசா படிக்கப்படும் நேரம் அது. ரெய்ட் 5-ல அப்போ இன்னொண்ணு போனா மீட்க வழியில்லை. அதனால பெரிய டிஸ்க் நாலோ அதுக்கு மேலயோ இருந்தா ரெய்ட் 6-ஐ யோசிங்க.

ரெய்ட் பேக்கப் இல்லை

தப்பா ஒரு ஃபோல்டரை டெலீட் பண்ணினா, அந்த டெலீட்டையும் ரெய்ட் உண்மையா எல்லா டிஸ்க்லயும் செஞ்சு முடிக்கும். ரான்சம்வேர் வந்தாலும் அப்படித்தான். இடி விழுந்து பவர் சப்ளை எரிஞ்சா எல்லா டிஸ்க்கும் ஒண்ணா போகலாம். ரெய்ட் காப்பாத்துறது டிஸ்க் பழுதிலிருந்து மட்டும்தான். 3-2-1 கணக்கை மறக்காதீங்க: மூணு நகல், ரெண்டு வகை சாதனம், ஒண்ணு வீட்டுக்கு வெளியே.

ரெண்டு டிஸ்க் வாங்கத்தான் காசு இருக்குன்னா, ரெய்ட் 1 போடாம ஒண்ணைப் பேக்கப்பா தனியா எடுத்து வைங்க. மூணாவது வாங்கும்போது ரெய்ட் பத்தி யோசிக்கலாம். இந்த வார இறுதியில ஒத்திகையை மட்டும் ஓட்டிப் பாருங்க, செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.