எட்டுப் பேரில் கடைசி யார்?

கேள்வி: ஐ.டி. நிறுவனம் ஒன்றில் டீம் லீடாக இருக்கிறேன். எனக்குக் கீழே எட்டுப் பேர். இந்த அப்ரைசலில் ஒருவருக்காவது கடைசி ரேட்டிங் கொடுத்தே தீர வேண்டும் என்கிறது எச்.ஆர். ஆனால் யாருமே சோடை போகவில்லை. "மகப்பேறு விடுப்பில் போயிருந்தாரே, அவரைப் போட்டுவிடுங்கள், பிரச்சினை வராது" என்கிறார் மேனேஜர். என்ன செய்வது?
— ஒரு வாசகர், சோழிங்கநல்லூர்

பதில்: மேனேஜர் சொன்னதை முதலில் ஒதுக்குங்கள். பிரச்சினை கட்டாயம் வரும். அந்த 26 வார விடுப்பு சட்டம் கொடுத்த உரிமை. அதைச் சாக்காக வைத்து ரேட்டிங்கைக் குறைத்தால், நிறுவனம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அவர் வேலை பார்த்த மாதங்களை மட்டும் வைத்து மதிப்பிடுங்கள்.

ஒவ்வொரு ரேட்டிங்குக்கும் இத்தனை சதவீதம் பேர் என்று பிரிக்கும் இந்த 'பெல் கர்வ்' பெருங்கூட்டத்துக்கான கணக்கு. எட்டுப் பேரில் கடைசி 10 சதவீதம் என்றால் 0.8 ஆள்! அந்த முக்காலே சொச்சம் ஆளை எங்கே போய்த் தேடுவீர்கள்? அதுவும் இன்டர்வியூவில் வடிகட்டி எடுத்த எட்டுப் பேரில்? ஜெனரல் எலக்ட்ரிக்கில் தலைவராக இருந்த ஜாக் வெல்ச், மேலே 20, நடுவே 70, கீழே 10 சதவீதம் என்று ஆட்களைப் பிரித்துப் புகழ்பெற்றார், பலரும் பின்பற்றினார்கள். இதே மாதிரித் தரவரிசை வைத்திருந்த மைக்ரோசாஃப்ட், 2013 நவம்பரில் அதைக் கைவிட்டது. கெட்டிக்காரர்கள் இன்னொரு கெட்டிக்காரர் இருக்கும் டீமுக்குப் போகவே தயங்கினார்கள் என்பது அங்கே எழுந்த புகார்களில் ஒன்று. பின்னே, பக்கத்து சீட்காரர் மேலே போனால் நாம் கீழே என்றால் யார் போவார்கள்?

இப்போது உங்கள் வேலை. இந்த விகிதம் டீமுக்கா, மொத்தப் பிரிவுக்கா என்று எச்.ஆரிடம் மெயிலில் கேளுங்கள். பிரிவுக்குச் சொன்னதை டீம் டீமாகக் கூறுபோட்டுத் தலையில் கட்டுவது வழக்கம்தான். பிரிவுக்கு என்றால், சண்டை போட வேண்டிய இடம், எல்லா டீம்களின் ரேட்டிங்கையும் ஒன்றாக வைத்துச் சரிக்கட்டும் நார்மலைசேஷன் மீட்டிங். "நல்ல உழைப்பாளி" என்பதெல்லாம் அங்கே எடுபடாது. "க்ளையன்ட் எஸ்கலேஷனை ஒரே ராத்திரியில் முடித்தார், இதோ மெயில்" என்றால் எடுபடும். எட்டுப் பேருக்கும் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி எடுத்துப் போங்கள்.

அப்படியும் ஒருவரைக் கீழே போட நேர்ந்தால், விகிதத்துக்காகத்தான் என்று அவரிடமே சொல்லிவிடுங்கள். இல்லாத குறையை மட்டும் ஜோடித்து எழுதாதீர்கள். நாளை அவரை, 'வேலையில் முன்னேறிக் காட்டு' என்று கெடு வைக்கும் பி.ஐ.பி.யில் போடும்போது, நீங்கள் எழுதிய வரியைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.