சோதனையும் தன்னடக்கமும்



"சுவாமி, நான் செபம் சொல்லுகிறேன், பூசை காண்கிறேன். ஆனாலும் சோதனை என்னை விட்டபாடில்லை. சர்வேசுரன் என்னைக் கைவிட்டுவிட்டாரோ?" என்று கேட்கிறவர்கள் பலர். இவர்கள் முதலாவது அறிய வேண்டியது இது: சோதனை வேறு, பாவம் வேறு. நம் ஆண்டவர் வனாந்தரத்தில் நாற்பது நாள் ஒருசந்தி இருந்தபின் பசாசினால் சோதிக்கப்பட்டார் என்று அர்ச். மத்தேயு நாலாம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். சோதிக்கப்படுவதே பாவமானால், பாவ மாசற்ற அவர் அதற்கு இடங்கொடுத்திருப்பாரா? ஆகையால் சோதனை வந்ததென்று கலங்க வேண்டாம். வந்தபோது என்ன செய்தோம் என்பதே கேள்வி.

பாவம் மூன்று படியாய் நம்மிடம் வருகிறதென்று பெரிய அர்ச். கிரகோரியார் படிப்பிக்கிறார். முதற்படி ஏவுதல், இரண்டாவது அதில் பிரியங்கொள்ளுதல், மூன்றாவது சம்மதித்தல். ஒரு உதாரணம் பாருங்கள். சம்பள நாள் மாலை ஒருவன் வீட்டுக்குத் திரும்புகிறான். மதுக்கடை கண்ணில் படுகிறது, குடிக்கலாமென்ற நினைவு வருகிறது. இது ஏவுதல். இதில் பாவமில்லை. கடைக்கு எதிரே நின்று, பழைய கூட்டாளிகளையும் பழைய ருசியையும் மனதில் ஓடவிடுகிறான். இது பிரியம். "இன்று ஒரு நாள்தானே" என்று சாலையைக் கடக்கிறான். இது சம்மதம். கோபமும், கற்புக்கு விரோதமான நினைவும், பிறர்மேல் அவதூறு பேசும் ஆசையும் இந்த மூன்று படி வழியாகவே வருகின்றன.

தன்னடக்கம் வேலை செய்ய வேண்டிய இடம் முதற்படி. தரையில் விழுந்த தீப்பொறியைக் காலால் மிதித்து அணைத்துவிடலாம். கூரை பற்றிக்கொண்டபின் குடங்குடமாய்த் தண்ணீர் ஊற்றினாலும் போதாது. கடைக்கு எதிரே நின்றுகொண்டே "சோதனையை வெல்லப் பலம் தாரும்" என்று மன்றாடுகிறவன், முதலில் தன் கால்களுக்கு அல்லவோ கட்டளையிட வேண்டும்!

இதற்கு ஒரு ஏழைத் தொழிலாளியின் சரித்திரம் நல்ல பாடம். ஐர்லாந்து தேசத்து டப்ளின் நகரில் 1856-ம் ஆண்டு மாட் டால்பட் பிறந்தார். வீட்டில் பன்னிரண்டு பிள்ளைகள், வறுமை மிகுதி. பன்னிரண்டாம் வயதிலேயே மது வியாபாரம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போனார். அங்கேயே குடிக்கப் பழகினார். பிறகு பதினைந்து வருஷத்துக்கு மேலாக, வாங்கிய கூலி எல்லாம் மதுக்கடைக்கே போயிற்று. காலணியையும் அடகு வைத்துக் குடித்தார். ஒரு தடவை தெருவில் பிடில் வாசித்துப் பிழைத்த ஒருவனுடைய பிடிலைத் திருடி விற்றுக் குடித்தார்.

1884-ம் ஆண்டு, இருபத்தெட்டாம் வயதில், கையில் காசில்லாமல் ஒரு மதுக்கடை வாசலில் நின்றார். தாம் முன்பு வாங்கிக் கொடுத்த நண்பர்கள் இன்று தமக்கு வாங்கிக் கொடுப்பார்கள் என்று காத்திருந்தார். ஒருவரும் அழைக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பி, குடிப்பதில்லையென்று பிரதிக்கினை செய்யப்போவதாகத் தாயாரிடம் சொன்னார். காப்பாற்றும் எண்ணமிருந்தால் மட்டும் செய் என்றாள் அந்தத் தாய். அவர் குருவானவரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்து, மூன்று மாதத்துக்குப் பிரதிக்கினை கொடுத்தார். பிறகு ஆறு மாதத்துக்கு, பிறகு சாகுமட்டும். 1925-ம் ஆண்டு ஜூன் 7-ந் தேதி, தமத்திரித்துவத் திருநாளன்று, பூசைக்குப் போகும் வழியில் தெருவில் விழுந்து மரித்தார். இடையில் நாற்பது வருஷம் ஒரு துளி மது அவர் வாயில் படவில்லை. 1975-ம் ஆண்டு பாப்பானவர் ஆறாம் சின்னப்பர் அவருக்கு வணக்கத்துக்குரியவர் என்ற பட்டம் அளித்தார்.

இவர் சரித்திரத்திலிருந்து நாம் கற்க வேண்டியவை நான்கு.

முதலாவது: சிறிய பிரதிக்கினை. அவர் எடுத்த எடுப்பில் ஆயுள் முழுவதற்கும் வாக்குக் கொடுக்கவில்லை. "இனி ஒருபோதும் கோபிக்கமாட்டேன்" என்கிறவன் மறுநாளே தோற்று மனம் உடைகிறான். "இன்று மதியம் வரை கடுஞ்சொல் சொல்லமாட்டேன்" என்கிறவன் ஜெயித்து, மாலைக்கும் பலம் பெறுகிறான்.

இரண்டாவது: பாவ சமயத்தை விலக்குதல். கையில் பணம் இருந்தால் கால் கடைக்குப் போகுமென்று அறிந்து, அவர் பணம் எடுத்துப்போவதையே விட்டுவிட்டார். உங்களுக்குப் பாவ சமயம் எது? ஒரு நண்பனா, ஒரு தெருவா, இராத்திரியில் தனியே பார்க்கும் கைப்பேசியா? கதவைத் திறந்து வைத்துக்கொண்டு திருடனைக் குறைகூறலாகாது.

மூன்றாவது: வெறுமையான இடத்தை நிரப்புதல். முன்பு மதுக்கடையில் கழிந்த மாலை வேளையை அவர் கோவிலில் கழித்தார். விடியற்காலம் பூசை கண்டு, நற்கருணை உட்கொண்டு, பிறகு வேலைக்குப் போனார். பள்ளிப்படிப்பு மிகக் கொஞ்சமாயிருந்தும் ஞானப் புத்தகங்களை வாசிக்கப் பழகினார். கெட்ட வழக்கத்தைப் பிடுங்கின குழியில் நல்ல வழக்கத்தை நடாவிட்டால், பழைய களையே திரும்ப முளைக்கும்.

நான்காவது: பரிகாரம். கடைகளில் வைத்த கடன்களைத் தேடித் தேடி அடைத்தார். பிடிலை இழந்தவனைப் பல காலம் தேடியும் காணாமல், அவனுக்காகப் பூசை செய்வித்தார். கெடுத்ததைச் சீர்ப்படுத்தும் மனஸ்தாபமே உண்மையான மனஸ்தாபம்.

ஆனால் இதெல்லாம் மனுஷன் தன் சொந்தப் பலத்தால் ஆகிற காரியமென்று நினைக்கலாகாது. அப்படிப் போதித்த பெலாஜியூஸ் என்பவனுடைய கொள்கையை அர்ச். அகுஸ்தீனார் எதிர்த்தார். 418-ம் ஆண்டில் கார்த்தேஜ் நகரத்துச் சங்கம் அதைக் கண்டித்தது. தன்னடக்கம் நம்முடைய முயற்சியுமாம், தேவ வரப்பிரசாதத்தின் கனியுமாம். நாம் துடுப்புப் போட வேண்டும். பாயை விரித்துக் காற்றுக்கும் காத்திருக்க வேண்டும். அந்தக் காற்று செபத்தாலும் தேவதிரவிய அநுமானங்களாலும் வருகிறது.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. எழ முயலுகிறவனைப் பழைய பெயர் சொல்லிப் பரிகசிக்காதேயுங்கள். கலியாண வீட்டிலும் திருவிழாவிலும் "ஒரு கிளாஸ்தானே" என்று அவன் கையில் திணிக்காதேயுங்கள். அவன் ஆத்துமத்துக்கு நீங்களும் உத்தரவாதிகள். நாள்பட மிகுதியாய்க் குடித்தவர்கள் திடீரென்று நிறுத்தினால், நடுக்கமும் வலிப்பும் சித்தக்கலக்கமும் வந்து உயிருக்கே மோசமாகலாம். ஆகையால் அவர்களை வைத்தியரிடமும் அழைத்துப்போங்கள். வைத்தியரைத் தேடுவது விசுவாசக் குறைவல்ல.

பிள்ளைகளுக்கோ சிறுவயதிலேயே மட்டசனம் என்னும் புண்ணியத்தைப் பழக்குங்கள். கன்றிலே நுகத்துக்குப் பழகாத மாடு பெரிதானபின் வண்டியைக் குடைசாய்த்துவிடும். ஆகுமான காரியத்தில் ஆசையை அடக்கப் பழகின பிள்ளைக்கே, ஆகாத காரியம் வரும்போது "வேண்டாம்" என்று சொல்ல நா எழும்.

இந்த வாரத்துக்குச் செய்ய வேண்டியது: காலைச் செபத்தில் உங்களை அதிகமாய்த் தோற்கடிக்கிற சோதனை ஒன்றைப் பெயர் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு வழிவிடும் கதவு ஒன்றை அன்றே அடையுங்கள். ஆகுமான பிரியம் ஒன்றை, ஒரு டம்ளர் காப்பியாவது, ஆண்டவருக்காக விடுங்கள். மிச்சமான காசை ஏழைகளுக்குக் கொடுங்கள். தவறினால் மறுநாளுக்குத் தள்ளாமல் மனஸ்தாபப்பட்டு, அந்த நிமிஷமே மறுபடி தொடங்குங்கள்.

நம் பலத்துக்கு மிஞ்சின சோதனையைச் சர்வேசுரன் அனுமதிக்கமாட்டார் என்று அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபத்தில் உறுதி சொல்லுகிறார். ஜென்மப் பாவமில்லாமல் உற்பவித்த தேவமாதா உங்கள் குடும்பங்களைத் தமது அடைக்கலத்தில் காத்தருள்வாராக.