காற்றுவாக்கில் வந்த தீர்ப்புகள்: ‘டெட்ஃபையர்’ பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஒரு படம் ஓடவில்லை என்று கேள்விப்பட்டால், அது எப்படிப்பட்ட படம் என்று விசாரிப்பதை நாம் அத்தோடு நிறுத்திவிடுகிறோம். வீடியோ கேம்களிலும் இதே பழக்கம்தான். அதற்கு நல்ல சான்று, அமெரிக்காவின் அப்சிடியன் நிறுவனம் உருவாக்கி, 2018 மே 8 அன்று கணினிகளுக்கு வெளிவந்த ‘பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி 2: டெட்ஃபையர்’. ஈயோத்தஸ் என்ற கடவுள் ஒரு மாபெரும் சிலைக்குள் புகுந்து எழுந்து, நாயகனின் கோட்டையை இடித்துவிட்டுக் கடலுக்குள் நடந்து போகிறார். அவரைத் தேடி நாம் கப்பலேறுகிறோம். இந்த விளையாட்டைக் கொண்டாடியவர்களும் உண்டு, பாதியில் மூடி வைத்தவர்களும் உண்டு. அதில் தவறில்லை. ஆனால் இந்த இரு தரப்பையும்விட, ஆடாமலே தீர்ப்புச் சொல்பவர்களின் குரல்தான் ஓங்கி ஒலிக்கிறது. அவர்கள் பரப்பிய நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

“விற்கவில்லை, ஆகவே நன்றாக இருந்திருக்காது.”

முதல் பாதி சரி. வெளிவந்த காலத்தில் இது முதல் பாகத்தின் விற்பனையை எட்டவில்லை. அதிலிருந்து இரண்டாம் பாதி எப்படி வரும்? விமர்சகர்களின் மதிப்பெண்களைத் திரட்டித் தரும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் 2015-இல் வந்த முதல் பாகத்துக்கு 89, இதற்கு 88. ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஒரு விளையாட்டு மோசமாகிவிடாது. வாங்காதவர்கள் ஆடிப் பார்த்து ஒதுக்கியவர்கள் அல்லர்; ஆடிப் பார்க்கவே இல்லை. தொடக்க விற்பனை என்பது விளம்பரம், வெளியான நேரம், முந்தைய பாகம் விட்டுச்சென்ற எண்ணம் என்று விளையாட்டுக்கு வெளியே உள்ள பலவற்றைப் பொறுத்தது. விற்பனை ஏன் குறைந்தது என்று தனக்கே உறுதியாகத் தெரியவில்லை என இயக்குநர் ஜாஷ் சாயர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். உருவாக்கியவருக்கே தெளிவில்லாத காரணத்தை நாம் ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். ஒரு நீண்ட விமர்சனத்தைவிட ஓர் எண் எளிதாக நினைவில் நிற்கும் என்பதால்தான் இந்தப் பிழை சாவதில்லை.

“கூட்டநிதியில் முதல் பாகத்தைவிட அதிகம் திரண்டது, அப்படியானால் ஆதரவும் கூடியிருக்கிறது.”

இது எண்ணைப் பார்த்துவிட்டுத் தலைகளை எண்ணாமல் விட்ட கணக்கு. 2012-இல் கிக்ஸ்டார்ட்டரில் முதல் பாகத்துக்கு 73,000-க்கும் மேற்பட்டோர் சேர்ந்து ஏறத்தாழ 40 லட்சம் டாலர் தந்தார்கள். 2017-இல் ஃபிக் தளத்தில் இரண்டாம் பாகத்துக்குச் சுமார் 44 லட்சம் டாலர் சேர்ந்தது. ஆனால் கொடுத்தவர்கள் 33,000-க்குச் சற்று மேல்தான். தொகை கூடியது, கூட்டம் பாதிக்கும் கீழே இறங்கியது. காரணம் எளிது: கிக்ஸ்டார்ட்டரில் ரசிகர்கள் மட்டுமே பணம் கொடுத்தார்கள். ஃபிக்கிலோ விற்பனையில் பங்கு எதிர்பார்த்து முதலீடு செய்தவர்களும் இருந்தார்கள். முதலீட்டாளர் ஒருவர் பெருந்தொகை போடலாம். அதற்காக அவர் ஆயிரம் பிரதி வாங்கப்போவதில்லை. ஆர்வம் குறைந்துகொண்டிருந்ததற்கான அறிகுறி அப்போதே கண்ணெதிரில் இருந்தது. பெரிய தொகையைக் கண்டதும் மேற்கொண்டு கேள்வி கேட்காத நம் வழக்கம் அதை மறைத்துவிட்டது.

“இது கடற்கொள்ளையர் விளையாட்டு.”

கப்பலும் பீரங்கியும் இருந்தால் கொள்ளையர் கதை என்று முடிவுகட்டிவிடுகிறோம். கொள்ளையர்கள் இதில் நான்கு தரப்புகளில் ஒன்று மட்டுமே. மற்ற மூன்று: தீவுகளின் பூர்வகுடிகளான ஹூவானா மக்கள், லாபத்தையே குறிவைக்கும் வைலியன் வணிகக் கம்பெனி, ஒரு பேரரசின் படைபலத்தோடு வந்திறங்கும் ராயல் டெட்ஃபையர் கம்பெனி. அடிப்படையில் இது காலனி ஆதிக்கம் எப்படி வேர்விடுகிறது என்ற அரசியல் கதை. கம்பெனி என்ற பெயரில் வணிகம் செய்ய வந்தவர்கள் நாடாள்பவர்களான வரலாற்றைப் பள்ளியில் படித்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதோடு, யாரையும் இந்த விளையாட்டு வெள்ளைச்சட்டை போட்டு நிறுத்தவில்லை. ஹூவானா சமூகத்தில் பிறப்பால் அமையும் அடுக்குகள் உண்டு. தலைநகர் நெக்கெட்டாக்காவில் அரசி ஓனெகாஸாவின் அரண்மனை உச்சியில். கடைநிலையில் வைக்கப்பட்ட ரொபாரு மக்கள் அடிவாரத்துக் குடியிருப்பில், மேல் அடுக்கினர் உண்டு மீந்ததை எதிர்பார்த்துக் கிடக்கிறார்கள். அந்நியரை விரட்டினால் இந்த அநீதி தொடரும். அந்நியரை ஆதரித்தால் நாடே போகும். கொள்ளையர் கூட்டத்துக்குள்ளும் அடிமை வியாபாரிகளோடு உறவாடும் தலைவன் ஒருவன், அவர்களை ஒழிக்கத் துடிக்கும் தலைவி ஒருத்தி. இத்தனையும் இருக்க, ‘ஜாலியான கொள்ளையர் கதை’ என்று எதிர்பார்த்து வந்தவர் ஏமாந்தார். இதையே விரும்பியிருக்கக்கூடியவர் அந்த முத்திரையைக் கண்டு வராமலே போனார். தவறான அறிமுகத்தால் இரு தரப்புக்கும் நட்டம்.

“கப்பல் சண்டை சலிப்பு, ஆகவே கடற்பகுதியே வீண்.”

சலிப்பு என்ற குற்றச்சாட்டை மறுப்பதற்கில்லை. அலையில் கப்பலை நேரடியாக ஓட்டிச் சுடும் ‘அசாசின்ஸ் க்ரீட் 4: பிளாக் ஃப்ளாக்’ விளையாட்டை 2013-இல் ஆடியவர்களுக்கு, எழுத்தையும் எண்களையும் பார்த்து முறை வைத்துக் கட்டளையிடும் இந்தச் சண்டை சப்பென்றுதான் இருக்கும். எத்தனை தொலைவில் எதிரி, எந்தப் பக்கப் பீரங்கி தயார், பாய் கிழிந்ததா, அடித்தளம் உடைந்ததா என்று கணக்குப் போட வேண்டும். ஆனால் இது கட்டாயமில்லை. நேரே நெருங்கி எதிரிக் கப்பலில் ஏறி, தளத்தில் வழக்கமான சண்டையாகவே முடித்துக்கொள்ளலாம். கடல் என்பது அந்தச் சண்டை மட்டும் அல்ல. மாலுமிகளுக்குச் சோறும் நீரும் கூலியும் தரவேண்டும். தவறினால் அவர்கள் மனம் கசக்கும். பெயரில்லாத தீவுகளில் இறங்கலாம், அவற்றுக்கு நாமே பெயர் வைக்கலாம். ஓர் உறுப்பின் குறையை முழு உடலின் மேல் ஏற்றிச் சொல்வது விமர்சனம் ஆகாது.

“முதன்மைக் கதை குட்டியானது, ஆகவே விளையாட்டே குட்டியானது.”

ஈயோத்தஸைத் துரத்தும் இழையை மட்டும் பிடித்துப் போனால் கதை விரைவில் முடிவது உண்மைதான். இதிலுள்ள நியாயமான குறை நீளத்தைப் பற்றியது அல்ல. உலகையே உலுக்கும் கடவுள் முன்னே நடந்துகொண்டிருக்க, அவரைத் துரத்த வேண்டிய கேப்டன் தீவுதீவாக யாரோ தொலைத்த பொருளைத் தேடிக்கொண்டிருக்கிறார். கதை சொல்லும் அவசரமும் விளையாட்டு தரும் சாவகாசமும் ஒட்டவில்லை. இதை எந்த அப்டேட்டும் சரிசெய்யவில்லை. ஆனால் இந்தப் படைப்பின் சதை முழுவதும் தரப்புகளின் மோதலிலும் பக்கக் கதைகளிலும்தான் இருக்கிறது. அவற்றைத் தாண்டிக் குதித்து ஓடிவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்பவர், எதைத் தாண்டினார் என்றும் சொல்லியாக வேண்டும்.

“சண்டை மிக எளிது, இல்லாவிட்டால் ஒரே குழப்பம்.”

இந்த இரண்டும் ஒரே விளையாட்டைப் பற்றி ஒரே மூச்சில் சொல்லப்படுபவை. எளிது என்றவர்கள் தொடக்க வாரங்களில் ஆடியவர்கள். உச்சக் கடினநிலைகூட அப்போது சாதாரணமாக இருந்தது. சில வாரங்களிலேயே அப்டேட் வந்து அதை இறுக்கியது. குழப்பம் என்றவர்கள், ஐந்து பேர் ஒரே நேரத்தில் அடிக்க, வேண்டும்போது நிறுத்திக் கட்டளையிடும் நிகழ்நேர முறையோடு ஒத்துப்போகாதவர்கள். அவர்களுக்காக 2019 ஜனவரியில், ஒருவர்பின் ஒருவராக அடிக்கும் முறையும் இலவசமாகச் சேர்க்கப்பட்டது. நிகழ்நேரத்துக்காக அமைத்த சண்டைகள் இந்த முறையில் இழுத்துக்கொண்டே போகும் என்ற குறை வேண்டுமானால் செல்லும். மற்றவை காலாவதியானவை. விளையாட்டு மாறிவிட்டது, அன்றைக்கு எழுதிய விமர்சனமும் எடுத்த வீடியோவும் மாறவில்லை. தேடினால் முதலில் கைக்குக் கிடைப்பவை அவைதாம்.

“இந்த வகை விளையாட்டுகளின் காலம் முடிந்துவிட்டது என்பதற்கு இதுவே சாட்சி.”

மேலிருந்து பார்க்கும் கோணம், பக்கம் பக்கமாக உரையாடல், குழுவாகச் சண்டை: இந்த வடிவம் செத்துவிட்டது என்று டெட்ஃபையரைக் காட்டிப் பேசுகிறார்கள். இதற்கு முந்தைய ஆண்டே லேரியன் நிறுவனத்தின் ‘டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2’ வெற்றிகரமாக ஓடியது. 2019-இல், சண்டையைத் தவிர மற்றவற்றில் இதே வடிவம் கொண்ட ‘டிஸ்கோ எலிசியம்’ விருதுகளைக் குவித்தது. 2023-இல் அதே லேரியனின் ‘பால்டர்ஸ் கேட் 3’ உலகெங்கும் அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டாகக் கொண்டாடப்பட்டது. ஒரு கடை மூடியதைப் பார்த்து ஊரில் பசியே இல்லை என்று அறிவிக்க முடியாது. இந்த நம்பிக்கைதான் மற்ற எல்லாவற்றையும்விட ஆபத்தானது. ரசிகர் பேச்சாக இது நின்றுவிடாமல், எதற்குப் பணம் போடலாம் என்று தீர்மானிப்பவர்களின் காதுக்கும் போகிறது. அங்கே ‘சந்தை இல்லை’ என்று ஆகிவிட்டால், நல்லதும் கெட்டதும் சேர்ந்தே நின்றுபோகும்.

மேலே பார்த்தவற்றில் முழுப்பொய் என்று எதையும் தள்ள முடியாது. விற்பனை குறைவு உண்மை, கப்பல் சண்டையின் சலிப்பு உண்மை, கதையின் அவசரத்தோடு ஆட்டத்தின் சாவகாசம் ஒட்டாததும் உண்மை. தவறு, ஒரு சிறு உண்மையைப் பிடித்துக்கொண்டு பெரிய முடிவுக்குத் தாவுவதில் இருக்கிறது. வணிகத் தோல்வி, திருத்தப்பட்ட பிழை, திருத்தப்படாத பிழை, நம் ரசனைக்கு ஒவ்வாதது ஆகிய நான்கும் வெவ்வேறு. நாம் நான்கையும் ‘சரியில்லை’ என்ற ஒரே பையில் போட்டுக் கட்டுகிறோம். இனி யாராவது இந்த விளையாட்டை ஒரு வரியில் ஒதுக்கினால், எப்போது ஆடினீர்கள், எந்த முறையில் ஆடினீர்கள், எந்தத் தரப்போடு நின்றீர்கள் என்று கேளுங்கள். ஆடி வெறுத்தவர் மூன்றுக்கும் பதில் சொல்வார். அவருடைய வெறுப்பை மதித்துக் கேட்கலாம். மற்றவரின் தீர்ப்பை வாங்கிக்கொள்ள வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.