மெமோ எதற்கு?
(ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் கேள்வி-பதில்)

கேள்வி: ஐயா, தலைமையாசிரியர் விடுப்பில் போகும்போதெல்லாம் என்னைவிட இளையவரிடம் பள்ளியை ஒப்படைக்கிறார். மூத்தவள் நான் இருக்கும்போது இது முறையா?

பதில்: முறையில்லை. பணிமூப்பைக் காட்டி எழுதிக் கொடுங்கள். பொறுப்பு கைக்கு வந்த அன்று காலை வழிபாட்டுக்கு முன்பே பள்ளியில் இருங்கள்.

கேள்வி: மாறுதல் கலந்தாய்வில் இந்த நடுநிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியையாக வந்து ஆறு மாதம். கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டுகிறார்கள். பிறகு, பதினைந்து வருடமாக இங்கேயே இருக்கும் ஓர் இடைநிலை ஆசிரியையைக் கேட்டுவிட்டுத்தான் செய்கிறார்கள். பெற்றோரும் அவரிடமே போகிறார்கள். மெமோ கொடுக்கலாமா?

பதில்: எந்தக் குற்றத்துக்கு அம்மா? காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவுப் பகுதியில் ஒரு பிள்ளை நாலு நாள் வரவில்லை என்றால் உங்கள் பதிவேட்டில் 'ஆப்சென்ட்' மட்டும்தான் இருக்கும். முகூர்த்த மாத ஆர்டர் நெருக்குகிறதா, கோர்வைத் தறியில் கரைக்கு நாடா தள்ள ஆள் இல்லையா என்பது அந்த ஆசிரியைக்குத் தெரியும். ஒரு காலத்தில் அந்தத் தறியில் இரண்டாவது ஆளாக எத்தனையோ சிறுவர்கள் உட்கார்ந்தார்கள். அவர்களைப் பள்ளிக்குக் கொண்டுவந்ததில் சட்டத்துக்குப் பங்குண்டு. வீடு வீடாகப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து பேசிய சாதாரண ஆசிரியர்களுக்கும் பங்குண்டு.

நெய்யாடுபாக்கத்தில் பிறந்த நம் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராக இருந்தபோது, 1958-ல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடங்கின. பள்ளியின் தேவைகளைப் பட்டியலிட்டு ஊர்முன் வைத்தார்கள். ஊர் மனமுவந்து கொடுத்தது. துறையின் உச்சத்தில் இருந்தவரே, ஊரில் யார் சொன்னால் எடுபடுமோ அவர்களைத் தேடிப் போனார். உங்களுக்கு என்ன தயக்கம்?

கூட்டத்துக்கு முதல் நாள் அந்த ஆசிரியையைக் கூப்பிட்டு யோசனை கேளுங்கள். மறுத்துச் சொன்னால் காதுகொடுங்கள். வராத பிள்ளைகளின் வீட்டுக்குப் போய்வரும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள். வாய்வார்த்தையாக அல்ல, சுற்றறிக்கைப் பதிவேட்டில் எழுதி. அதற்கு ஈடாக எமிஸ் இணையதளத்தில் விவரம் பதிவேற்றும் வேலையிலிருந்து விடுவியுங்கள். செய்கிறவர் தலையிலேயே எல்லா வேலையையும் கட்டிவிட்டுப் பெயரைத் தாங்கள் எடுத்துக்கொள்ளும் தலைமையாசிரியர்களைப் பார்த்துப் பார்த்து மனம் கசந்தவன் நான். சக ஆசிரியர்களைப் பற்றி உங்களிடம் வந்து சொல்லும் ஆளாகவும் அவரை ஆக்காதீர்கள். அன்றோடு அவர் பேச்சு எடுபடாது. கணக்கும் ஒழுங்கு நடவடிக்கையும் உங்களுடையவை. அவற்றை யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

கேள்வி: நான் தறிக்காரி. பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவி ஆக்கியிருக்கிறார்கள். கூட்டத்தில் கையெழுத்து மட்டும் கேட்கிறார்கள். அதிகம் படிக்காதவள் நான் என்ன பேசுவது?

பதில்: பயப்படாதீர்கள் தாயி. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோருக்கும், பாதி இடம் பெண்களுக்கும் கொடுத்திருக்கிறது. யாரும் உங்களுக்குச் சலுகை செய்யவில்லை. கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, சத்துணவு ருசியாக இருக்கிறதா என்று உங்கள் பிள்ளை வீட்டில் சொல்வதை அப்படியே கூட்டத்தில் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தை உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். முழுதும் கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.