தென்னை நிழலில் கானாவாழை

வங்கி வேலை முடிந்து தென்னந்தோப்பில் இறங்கிய முதல் வருடம், வாய்க்கால் ஓரத்தில் நீலப்பூ பூத்துப் படர்ந்த ஒரு செடியை ஒழித்தே தீருவது என்று நின்றேன். கடைக்காரர் பேச்சைக் கேட்டு கிளைபோசேட் அடித்தேன். மற்ற புல்பூண்டெல்லாம் கருகிப் போச்சு. இது மட்டும் லேசாக வாடி, அடுத்த மழைக்குப் போட்டிக்கு ஆளே இல்லாமல் முழு இடத்தையும் பிடித்துக்கொண்டது. மண்வெட்டியால் கொத்தினேன். வெட்டுப்பட்ட ஒவ்வொரு கணுவும் தனிச் செடியாகிவிட்டது!

களை பறிக்க வந்த அம்மா ஒருவர்தான் கேட்டார்: "ஏனுங்க சார், இது கானாவாழைங்க. மாட்டுக்கு அறுத்துப் போடாம மருந்தடிக்கிறீங்களே?"

அப்புறம்தான் செடியை உட்கார்ந்து பார்த்தேன். மண்ணுக்கு மேலே நீலப்பூ. மண்ணுக்குள்ளே வெள்ளையாக ஓடும் தண்டில் விரியாத பூ ஒன்று. அது தனக்குத்தானே கருவுற்று அங்கேயே விதை வைக்கும். மேலே அடிக்கும் மருந்து அந்த விதையை என்ன செய்யும்? பல்லாண்டுச் செடி மாதிரி அது திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இதுதான்.

இப்போது நானே நடுகிறேன். வெயில் அதிகம் விழாத, ஈரம் காயாத இடமாகப் பார்த்து, மழைக்காலத்தில் இரண்டு மூன்று கணு உள்ள தண்டை ஒரு அடிக்கு ஒன்றாகப் பாதி புதைத்தால் போதும். வேர் பிடிக்கும் வரை ஈரம் வேண்டும். மண் மூடியதும் அரிவாளால் மேலாக அறுங்கள், பிடுங்க வேண்டாம். தண்ணீர்ச் சத்து அதிகமுள்ள தழை என்பதால் வைக்கோலோடு கலந்துதான் மாட்டுக்குப் போடுகிறேன். வெறுமனே அள்ளிப் போட்டால் கழிச்சல் கண்டுவிடும். கொழுந்தைப் பருப்போடு போட்டுக் கூட்டு வைப்போம்.

ஒரு எச்சரிக்கை. தக்காளி, கத்தரிப் பாத்திப் பக்கம் இதை விடாதீர்கள். வேர்முடிச்சு நூற்புழு இதன் வேரிலும் குடியிருக்கும். வாழைக்கும் வேண்டாம், வாழையைத் தாக்கும் வெள்ளரித் தேமல் வைரஸ் இதில் தங்கியிருந்து அசுவினி மூலம் பரவும். நிலக்கடலைக் காட்டில் நுழைந்தால் களைக்கூலி கட்டுப்படியாகாது. என் தோப்புக்கும் காய்கறிப் பாத்திக்கும் நடுவே வண்டித்தடம் இருக்கிறது. அதைத் தாண்டி ஒரு கணு வந்தாலும் அன்றைக்கே பிடுங்கி மாட்டுத் தொட்டியில் போட்டுவிடுவேன்.

பூவைப் பார்க்க வருகிறவர்கள் காலையிலேயே வந்துவிடுங்கள். மதியத்துக்குள் சுருங்கிவிடும்.