பொற்பஞ்சு

அடைத்த அறையினுள் கரியடுப்பு மூட்டி உறங்கியோர் விடியலில் எழாமற்போன செய்தியை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். அவர்களைக் கொன்றது வெப்பமன்று. கரி எரிகையில் எழும் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவே. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. நம் குருதியிலுள்ள செந்நிறப் பொருள் ஆக்சிஜனைப் பற்றுவதினும் 200 மடங்குக்கு மேல் இறுக அதனைப் பற்றிக்கொள்ளும். பின்னர் ஆக்சிஜனுக்கு அங்கே இடமேது?

இக்கொடிய வாயுவோடு ஆக்சிஜன் அணு ஒன்று கூடினால் அது நாம் நாள்தோறும் வெளிவிடும் கரியமில வாயுவாகிவிடும். எனினும் இரண்டையும் ஒரு கலத்தில் அடைத்துவைத்தால் மட்டும் அவை கூடிவிடா. ஆக்சிஜன் அணுக்கள் இரண்டிரண்டாக இறுகப் பிணைந்திருத்தலே காரணம். தீயிட்டால் பிணைப்பு நெகிழும். ஆனால், சுரங்கத்தினுள் மூச்சுத் திணறுவோன் பொருட்டு உலை மூட்டவா இயலும்?

வெப்பமின்றியே வாயுக்களைக் கூட்டுவிக்கும் உலோகங்கள் உண்டு. பஞ்சுபோல் நுண்துளைகள் நிறைந்த பிளாட்டினத்தின்மேல் ஹைட்ரஜன் வாயு காற்றோடு கலந்து பட்டவுடன் தீப்பற்றுவதை 1823ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு டோபரைனர் கண்டார். இங்ஙனம் வினையை விரைவித்துத் தான் செலவாகாது நிற்கும் பொருளை வினையூக்கி என்பர்.

பொன்னை எவரும் இவ்வரிசையில் வைத்து எண்ணவில்லை. துருப்பிடியாது, காற்றோடு கூடாது, நூறாண்டு புதைந்து கிடப்பினும் ஒளி மங்காது என்பதன்றோ அதன் பெருமை! பொன் எதனோடும் எளிதிற் கூடாதென்று யானும் மாணவப் பருவத்தில் எழுதி மதிப்பெண் பெற்றவனே. 1987ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டு ஹருத்தா என்பார், உலோக ஆக்சைடுகளின்மேல் மிக நுண்ணிய பொன் துகள்களைப் படியவைத்து, சுழிக்குக் கீழ் 70 பாகைக் குளிரிலும் கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனோடு கூடுவதைக் காட்டினார்.

கட்டிப்பொன் செய்யாததைத் துகட்பொன் செய்வது எங்ஙனம்? கட்டியின் உள்ளிருக்கும் அணு நாற்புறமும் தன் இனத்தாற் சூழப்பட்டிருக்கிறது. அதற்குப் புதிய உறவு வேண்டுவதில்லை. விளிம்பிலும் மூலையிலும் நிற்கும் அணுவுக்கோ சுற்றம் குறைவு. அது வருகின்ற வாயுவைப் பற்றி நிறுத்தும். நுண்மை மிகமிக இத்தகைய விளிம்பணுக்களும் மிகும்.

அப்பணியைச் செய்வது பொன்னோ, அதனைத் தாங்கிய ஆக்சைடோ என்னும் ஐயம் அறிஞரிடையே எழுந்தது. அதனால் தாங்கும் பொருளே இல்லாத பொன்னைத் தேடினர். அதனைச் செய்யும் வழி பொன்னின் மாற்றுக் காண்போர் நெடுங்காலமாய் அறிந்ததே. பொன்னோடு மிகுதியாக வெள்ளியைச் சேர்த்து உருக்கி, நைட்ரிக் அமிலத்தில் இட்டால், வெள்ளி கரைந்தோடும். பொன் கரையாது நின்று, எண்ணிறந்த துளைகளையுடைய பஞ்சாகும். துளைகளின் அகலம் மயிரிழையின் பருமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே. பொன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். அதன் நிறம் பழுப்பு!

2006, 2007ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியிலும் சீனத்திலும் வெளிவந்த ஆய்வுகள், இப்பொற்பஞ்சு தாங்குபொருளின்றியே கார்பன் மோனாக்சைடைக் கரியமில வாயுவாக்குவதைக் காட்டின. ஆயினும் வழக்கு முற்றும் தீரவில்லை. எத்துணைக் கழுவினும் பஞ்சினுள் சிறிது வெள்ளி எஞ்சிவிடுகிறது. ஆக்சிஜனின் பிணைப்பைப் பிளப்பதில் அவ்வெள்ளிக்கும் பங்குண்டு எனப் பின்வந்த ஆய்வுகள் கூறுகின்றன. முழுப்புகழையும் பொன்னுக்கே கொடுத்துவிடுதல் முறையன்று.

இதற்கு ஒரு குறையும் உண்டு. வெப்பம் மிகுந்தால் பஞ்சின் நுண்ணிழைகள் ஒன்றோடொன்று கூடிப் பருத்துத் துளைகள் குறையும். மாற்றுக் காண்போர் பழுப்புத் துண்டைக் காய்ச்சுகையில் நிகழ்வதும் இதுவே. மஞ்சள் ஒளி மீண்டும் வந்துவிடும். வாயுவைப் பற்றும் ஆற்றல் போய்விடும்.