ஆட்கொணர்வு மனு எடுக்கும் ஜூனியர்களுக்கு

1. 'ஹேபியஸ் கார்பஸ்' என்ற லத்தீன் ஆணை, ஆளைப் பிடித்து வைத்திருப்பவரைப் பார்த்துப் பேசுகிறது: ஆளை நீதிமன்றத்தில் நிறுத்து, எந்தச் சட்டப்படி அடைத்தாய் என்று சொல். அவர் குற்றம் செய்தாரா என்பது இங்கே கேள்வியே இல்லை. வாதத்தில் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

2. தாயோ மனைவியோ நண்பரோ மனு போடலாம். சிறைக்குள் இருப்பவரின் கையெழுத்துக்காகக் காத்திருக்காதீர்கள். திகார் சிறையில் சக கைதி வதைக்கப்பட்டதைப் பற்றி சுனில் பத்ரா எழுதிய கடிதத்தையே உச்ச நீதிமன்றம் மனுவாக ஏற்றுக்கொண்டது.

3. நம் உயர் நீதிமன்றத்தில் உங்களுக்கு அதிகம் வரப்போவது குண்டர் சட்ட வழக்குகள். 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் சட்டம் அது. கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ போடும் உத்தரவை 12 நாளுக்குள் அரசு ஏற்க வேண்டும். ஏற்றால் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். காவலில் இருப்பவரிடம் கொடுத்த ஆவணக் கட்டை வாங்கி, பக்கம் பக்கமாகப் படியுங்கள். எழுத்துத் தெரியாத நகல் இருக்கிறதா? அவருக்குத் தெரியாத மொழியில் தாள் இருக்கிறதா? அரசுக்கு முறையீட்டை உடனே அனுப்பி, அது எந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்று தேதி வாரியாகக் கேளுங்கள். விளக்கம் இல்லாத தாமதத்தால் ரத்தான உத்தரவுகள் ஏராளம். அரசியலமைப்பின் 22(5) பிரிவு தரும் உரிமை இது. வெறும் ஓட்டையைப் பிடித்து வெளியே கொண்டுவருகிறார்கள் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். விசாரணையே இல்லாமல் ஓர் ஆண்டு ஒருவரை அடைக்க அரசுக்கு அதிகாரம் கொடுத்துவிட்ட பிறகு, அதைக் கட்டுப்படுத்த மிஞ்சியிருப்பவை இந்த விதிகள்தாம். கூச்சமே வேண்டாம்.

4. மகளைக் காணவில்லை என்று பெற்றோர் வந்தால், முதலில் அவள் வயதைக் கேளுங்கள். 18 நிறைந்திருந்தால் அவள் விருப்பமே முடிவு. ஹாதியா வழக்கில் 2017-இல் கேரள உயர் நீதிமன்றம் திருமணத்தையே ரத்து செய்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தியது. அந்தத் தீர்ப்பைப் பெற்றோருக்கும் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

5. ஜபல்பூர் வழக்கில் 1976-இல் நீதிபதி எச்.ஆர்.கன்னா தனியாக எழுதிய மாறுபட்ட தீர்ப்பை முழுதாகப் படியுங்கள். நெருக்கடி நிலையில் இந்த மனுவே செல்லாது என்று மற்ற நான்கு நீதிபதிகள் சொன்னதை, 2017-இல் உச்ச நீதிமன்றமே தவறென்று ஒதுக்கியது.

6. தடுப்புக்காவல் ரத்தானாலும், அடிப்படை வழக்கில் ஜாமீன் இல்லையென்றால் சிறைக்கதவு திறக்காது. ஜாமீன் மனுவைக் கூடவே நடத்துங்கள். வாசலில் காத்திருக்கும் அம்மாவிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.